ஆவணங்கள் நேரே கிடங்குக்குச் செல்லட்டும்

சம்பா நடவு முடிந்து, மேலுரம் இட்டு, களை எடுத்துக் கொண்டிருக்கும் நேரத்தில்தான் பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியும் வந்து சேருகிறது. சம்பா நெல்லுக்கு அது வழக்கமாக நவம்பர் 15. அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் அட்டை ஆகியவற்றை எடுத்துக் கொண்டு விவசாயி பொதுச் சேவை மையத்திற்குச் செல்கிறார். கட்ட வேண்டிய பிரிமியத் தொகையும் கையில் தயாராக இருக்கிறது. ஆனால் அங்கே அவருக்குக் கிடைக்கும் பதில் இரண்டே சொற்கள்தான்: "சர்வர் டவுன்".

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் 14ஆம் தேதி மாலை, காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூரில் இருந்தேன். சேவை மையத்தின் வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். மூன்று ஏக்கர் சாகுபடி செய்யும் விவசாயி ஒருவரின் முறை வந்தது. நான்கு நகல்கள் ஏறிவிட்டன. ஐந்தாவது நகல் ஏறும்போது இணைப்பு அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. "நாத்து நட ஒரு நாள்தான் ஆச்சு சார். இதை ஏத்த மூணு நாளா அலையறேன்" என்றார் அவர். மறுநாளும் ஏறவில்லை. அந்த ஆண்டு அவர் காப்பீடு இல்லாமலே சாகுபடி செய்தார். அறுவடை நேரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் கதிர்கள் சாய்ந்து முளைத்துவிட்டன. ஒரு கோப்பு ஏறாததற்கு அவர் கொடுத்த விலை மூன்று ஏக்கர் மகசூல்.

இதில் விவசாயியின் தவறு எதுவுமில்லை. மைய ஊழியரைக் கடிந்து கொள்வதிலும் பயனில்லை. அந்த இணையப் படிவம் கட்டப்பட்ட முறையில்தான் கோளாறு. அது என்ன, எவ்வாறு சீர்செய்யலாம் என்பதை விவசாயிகளும் தெரிந்து கொள்வது நல்லது. கோளாறு இன்னதென்று அறிந்தவன்தான் உரிய இடத்தில் உரிய கேள்வியைக் கேட்க முடியும்.

தலைமடையும் கடைமடையும்

நான் குடியிருப்பது சென்னை அடையாறில். சற்றுத் தள்ளி, பெசன்ட் நகர் ராஜாஜி பவனில், தேசிய தகவலியல் மையத்தின் தமிழ்நாட்டு அலுவலகம் இருக்கிறது. நம் பட்டா, சிட்டா விவரங்களைத் தாங்கி நிற்கும் 'தமிழ்நிலம்' மென்பொருள் அம்மையம் உருவாக்கியது. தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் உள்ளது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் கடலடிக் கம்பி கரையேறுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் நீளத்திற்கு 2002இல் இடப்பட்ட கம்பி அது.

இணைய வசதியைப் பொறுத்தவரை இந்தப் பகுதி தலைமடை. இங்கே உட்கார்ந்து ஒரு படிவத்தைச் சோதித்துப் பார்த்தால் ஐந்து நகல்களும் சில விநாடிகளில் ஏறிவிடும். அதே படிவம் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்திற்கும் போகும்போது கடைமடைக்குப் போகிறது. அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகிறது. 2018இல் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நவம்பர் நடுவாரம் என்பது மின்சாரமும் டவரும் நம்மைக் கைவிடக் கூடிய வாரம்.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். இப்போதைய செல்போனில் எடுக்கும் ஒரு படம் ஏறக்குறைய 4 எம்.பி. இருக்கும். ஐந்து ஆவணங்களுக்கு 20 எம்.பி. விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் ஏறும் இணைப்பில் இதை அனுப்பப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒன்பதாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தால் ஒன்பது நிமிட வேலையும் வீண். அதே படங்களை, எழுத்து தெளிவாகத் தெரியும்படி, படத்துக்கு 300 கே.பி. அளவுக்குச் சுருக்கினால் மொத்தம் ஒன்றரை எம்.பி.தான். அது ஒரு நிமிடத்திற்குள் ஏறிவிடும்.

எங்கே தேங்குகிறது?

பல படிவங்களில் கோப்பு செல்லும் வழி பின்வருமாறு. விவசாயியின் படம் முதலில் அலுவலகத்தின் சர்வருக்குப் போகிறது. சர்வர் அதை முழுவதும் வாங்கித் தன்னிடம் வைத்துக் கொண்டு, பிறகு சேமிப்புக் கிடங்குக்கு அனுப்புகிறது. ஒரே பாரம் இரண்டு முறை சுமக்கப்படுகிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் 20 எம்.பி. வீதம் அனுப்பினால் அந்தச் சர்வரின் தலையில் 20,000 எம்.பி. ஏறுகிறது. தீபாவளிக்கு முந்தைய மாலையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைகளில் சரக்கு இருக்கும். ஆனால் தெருவில் காலை எடுத்து வைக்க முடியாது. பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் பதிய வந்தவரும், படங்களைச் சுமந்து வந்தவர்களின் பின்னால் நிற்க வேண்டியதாகிறது.

இதற்கு மாற்று வழி உண்டு. கோப்பைச் சர்வரிடம் கொடுக்காமல், விவசாயியின் செல்போனிலிருந்தே நேராகக் 'கிளவுட்' எனப்படும் மேகச் சேமிப்புக் கிடங்கில் ஏற்றிவிடுவது.

மேகம் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். அது குளிரூட்டிய கட்டடங்களில் வரிசையாக அடுக்கி வைத்த கணினிகள்தான். அமேசான் நிறுவனம் இத்தகைய கிடங்கை 2006 மார்ச் மாதத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. மும்பையில் அதன் மையம் 2016இல் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் புனே, மும்பை ஆகிய இடங்களுடன் நம் சென்னையிலும் மையம் திறந்தது. மத்திய அரசு 'மேகராஜ்' என்ற பெயரில் தன் துறைகளுக்கென மேகக் கணினி ஏற்பாட்டை 2014இல் தொடங்கியது. ஆகவே கிடங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிடங்கு வாசல் வரை வண்டி போக வழிவிடுகிறோமா என்பதே கேள்வி.

கரும்பு வெட்டு உத்தரவு போல

படாளம், குருங்குளம் போன்ற ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பியவர்களுக்கு இந்த முறை எளிதில் விளங்கும். கரும்பு அலுவலகத்தில் வெட்டு உத்தரவு வாங்குகிறோம். யாருடைய வயல், எவ்வளவு, எந்த நாள் வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். உத்தரவு கையில் வந்த பிறகு கரும்பு வண்டியைக் கரும்பு அலுவலகத்து வாசலுக்கா ஓட்டிச் செல்கிறோம்? வண்டி நேரே ஆலையின் எடைமேடைக்குப் போகிறது. எடைச்சீட்டு கைக்கு வருகிறது. அலுவலகம் சீட்டைத்தான் பார்க்கிறது, கரும்பைச் சுமப்பதில்லை.

நேரடிப் பதிவேற்றமும் இவ்வாறே. படிவம் முதலில் சர்வரிடம், "இன்னார் ஒரு சிட்டா நகல் ஏற்ற வேண்டும்" என்று சிறு செய்தி அனுப்புகிறது. சர்வர், இன்ன பெயரில், இன்ன இடத்தில், இத்தனை நிமிடத்திற்குள் ஏற்றலாம் என்று கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டைத் தருகிறது. அந்தச் சீட்டைக் காட்டிச் செல்போன் கோப்பை நேராகக் கிடங்கில் இறக்குகிறது. இறக்கி முடிந்ததும் "இன்ன எண்ணில் வைத்திருக்கிறேன்" என்று சர்வருக்குத் தகவல் சொல்கிறது. சர்வர் சுமப்பது சில வரிச் செய்திகள் மட்டுமே. அமேசான் கிடங்கில் இத்தகைய சீட்டை அதிகபட்சம் 7 நாள் வரை செல்லும்படி கொடுக்கலாம். பொதுவாகச் சில நிமிடங்களுக்கே கொடுக்கிறார்கள்.

எங்கள் அனுபவம்

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பயிரில் காணும் பூச்சி, நோய் அறிகுறியைப் படமெடுத்து அனுப்பினால் பரிந்துரை கூறும் சிறு இணையப் படிவம் ஒன்றை என் பொறுப்பில் நடத்தினோம். தொடக்கத்தில் படங்கள் எல்லாம் அலுவலகக் கணினி வழியாகவே வந்தன. புகையான் தாக்குதல் மிகுந்த ஒரு வாரத்தில் அது நின்றே போயிற்று. உடனே நேரடி முறைக்கு மாற்றினோம். தேக்கம் தீர்ந்தது. ஆனால் வேறு தொல்லைகள் வந்தன.

முதலாவது, அனுமதிச் சீட்டின் ஆயுளை 5 நிமிடம் என்று வைத்திருந்தோம். கடைமடை இணைப்பில் முதல் முயற்சி அறுந்து, இரண்டாம் முறை அனுப்பும்போது சீட்டு காலாவதியாகிவிட்டது. விவசாயிக்குக் காரணம் புரியவில்லை. ஆயுளை ஒரு மணி நேரமாக்கி, தேவையானால் படிவமே புதுச் சீட்டு வாங்கிக் கொள்ளும்படி செய்த பிறகுதான் அது தீர்ந்தது.

இரண்டாவது, அதைவிடப் பெரியது. படம் கிடங்குக்கு வந்துவிடும். பெயர், ஊர் விவரங்களை அனுப்புவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். ஒரு நாள் காலையில் அப்படி ஒரு படம் கிடைத்தது. தூரின் அடியில் புகையான் கூட்டம் தெளிவாகத் தெரிந்தது. எந்த ஊர், யாருடைய வயல் என்று தெரியவில்லை. செய்ய வேண்டியது எங்களுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. புகையானுக்கு நாலைந்து நாள் தவறினால் வயல் தீய்ந்தது போலாகும் என்பதை விவசாயிகள் அறிவார்கள். அந்த வயல் என்ன ஆயிற்றோ என்ற எண்ணம் இன்றும் எனக்கு உண்டு.

அன்று கற்றுக் கொண்ட பாடமே இக்கட்டுரையின் சாரம். ஆளை முதலில் பதிய வேண்டும். பாரத்தைப் பிறகு ஏற்ற வேண்டும். பெயரும் ஊரும் சில எழுத்துகள். மோசமான இணைப்பிலும் போய்விடும். படம்தான் பாரம். அந்த வரிசையை மாற்றி அமைத்த பிறகு, படம் அறுந்தாலும் ஆள் தெரிந்தார்; கூப்பிட்டுப் பேச முடிந்தது.

அரசுப் படிவங்களுக்கு என் யோசனைகள்

காப்பீடு மட்டுமின்றி, சொட்டு நீர்ப் பாசன மானியம் போன்ற எல்லா விண்ணப்பங்களுக்கும் இது பொருந்தும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதற்குச் சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம் என்று ஏற்ற வேண்டிய தாள்களும் அதிகம். ஆகவே படிவம் அமைப்போர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பெயர், சர்வே எண், பரப்பு, பிரிமியத் தொகை ஆகியவை பதிவானவுடன் நாளும் நேரமும் குறித்த பதிவு எண் கொடுக்க வேண்டும். அந்த நேரமே விண்ணப்ப நேரம். ஆவணங்களை ஏற்ற மேலும் 7 நாள் அவகாசம் வேண்டும். ஆலை வாசலுக்கு உரிய நாளில் வந்து வரிசையில் நிற்கும் வண்டியை எடைமேடை பழுது என்று திருப்பி அனுப்புவது நியாயமில்லை அல்லவா?

2. கோப்புகள் சர்வர் வழியாக அன்றி, அனுமதிச் சீட்டு முறையில் நேரே கிடங்குக்குச் செல்ல வேண்டும்.

3. படத்தைச் சுருக்கும் வேலையை விவசாயி தலையில் கட்டாமல், அனுப்புவதற்கு முன் படிவமே செல்போனிலேயே சுருக்கிக் கொள்ள வேண்டும். "கோப்பின் அளவு அதிகம்" என்று சிவப்பு எழுத்தில் காட்டுவது உதவி ஆகாது.

4. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதற்கு 'டஸ்' என்ற பெயரில் யாரும் கட்டணமின்றி எடுத்தாளக் கூடிய விதிமுறை இருக்கிறது.

5. கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததா, திறக்கிறதா என்று சர்வர் தானே கிடங்கில் சரிபார்த்து, ஒவ்வோர் ஆவணத்திற்கும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதுவே நமக்கு எடைச்சீட்டு.

6. கிடங்குக்குப் பூட்டு வேண்டும். 2017இல் அமெரிக்காவில் வெரிசான் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், ஒப்பந்த நிறுவனம் ஒன்று கிடங்கைத் திறந்தபடி விட்டதால் வெளியே தெரிந்தன. அமேசான் கிடங்குகள் 2023 ஏப்ரல் முதல் பூட்டிய நிலையிலேயே புதிதாகத் திறக்கப்படுகின்றன. இருந்தும் பூட்டைக் கழற்ற ஒரு கவனக் குறைவு போதும். விவசாயியின் ஆதாரும் வங்கிக் கணக்கும் அங்கே இருக்கின்றன. உரியவர் இல்லாமல் கிடக்கும் கோப்புகளைக் குறித்த நாளில் அழித்துவிடவும் வேண்டும்.

7. படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு முறையாவது கடைமடைக் கிராமத்தில், மழை நாளில், சாதாரணச் செல்போனில் சோதிக்க வேண்டும். புது நெல் ரகத்தை விவசாயி வயலில் சோதிக்காமல் வெளியிடுகிறோமா?

ஆட்சேபங்கள்

நேராக உள்ளே விட்டால் கண்ட கோப்பும் வந்துவிடாதா என்று கேட்கலாம். அனுமதிச் சீட்டிலேயே அளவையும் வகையையும் வரையறுக்கலாம். வந்தவற்றைத் தனி இடத்தில் நிறுத்தி, வைரஸ் சோதனை முடிந்த பிறகே உள்ளே சேர்க்கலாம்.

கூடுதல் அவகாசம் கொடுத்தால், வெள்ளம் வந்ததைப் பார்த்துவிட்டுக் காப்பீட்டில் சேருவார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது. கடைசித் தேதி வைப்பதே அதைத் தடுக்கத்தான். ஆனால் என் யோசனையில் சர்வே எண்ணும் பரப்பும் பிரிமியமும் கடைசித் தேதிக்குள் பதிவாகிவிடுகின்றன. பிறகு அவற்றை மாற்ற முடியாது. பின்னால் வருவது தாள் மட்டுமே. பயிரே இல்லாத வயலுக்கு அடங்கல் வரப் போவதில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சிட்டா என்பது அரசின் கணினியில் இருக்கும் விவரம். அதை அச்சிட்டு, அந்தத் தாளைப் படமெடுத்து, மறுபடியும் அரசின் கணினிக்கே ஏற்றுகிறோம். கிணற்று நீரை இறைத்துக் குடத்தில் சுமந்து வந்து அதே கிணற்றில் ஊற்றுவது போன்றது இது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பணி 2025இல் நம் மாநிலத்தில் நடந்தது. ஆவணங்களைக் கணினியிலேயே வைத்துக் கொள்ளும் 'டிஜிலாக்கர்' 2015 முதல் இருக்கிறது. ஒரு துறையிடம் உள்ளதை மற்றொரு துறை தானே பார்த்துக் கொள்ளும் நாள் வந்தால் ஏற்ற வேண்டிய தாள்களே பாதியாகக் குறையும். ஏற்றத் தேவையில்லாத ஆவணமே எல்லாவற்றிலும் வேகமானது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

இவை நடைமுறைக்கு வரும் வரை காத்திருக்க நம்மால் இயலாது. எனவே விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

அடங்கல் கிடைத்த அன்றே பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதி சில ஆண்டுகளில் நீட்டிக்கப்பட்டது உண்மையே. அதை நம்பி இருத்தல் கூடாது. நெல்லுக்கு ராபி பருவத்தில் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் கட்ட வேண்டியது 540 ரூபாய். அந்த 540 ரூபாயைக் கடைசி நாள் கூட்டத்தில் பணயம் வைக்கக் கூடாது.

ஆவணங்களை முன்கூட்டியே பகல் வெளிச்சத்தில், தாளைச் சமமாக விரித்து, நான்கு மூலைகளும் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தில் கணக்கு எண்ணும் ஐ.எப்.எஸ்.சி. குறியீடும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு படமும் 200 முதல் 300 கே.பி. அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும்.

இணைப்பு நெருக்கடி குறைந்த அதிகாலை நேரம் பதிவேற்றத்திற்கு ஏற்றது. ஏறிக் கொண்டிருக்கும்போது பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது.

பதிவு எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக் கொள்வதுடன், திரையையும் நாள், நேரத்துடன் படமெடுத்து வைக்க வேண்டும். ஏறவில்லை என்றாலும் அந்தப் பிழைச் செய்தியைப் படமெடுத்து, அன்றே வேளாண்மை அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். முயன்றதற்கு வேறு சாட்சி இல்லை. இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்துக் கொள்வதும் அவசியம்.

வேலை முடிந்ததும் மையத்துக் கணினியிலும் வாட்ஸ்அப்பிலும் உள்ள ஆதார் நகலை அழிக்கச் சொல்ல வேண்டும். ஏற்றுக் கொள்ளும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம்.

கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்தான் பாசனம் நடந்ததாகக் கணக்கு. தலைமடையில் வாய்க்கால் நிரம்பி ஓடுவதைக் காட்டி யாரும் கணக்கு முடிப்பதில்லை. நந்தனத்திலும் பெசன்ட் நகரிலும் படிவம் அமைக்கும் இளைஞர்கள் திறமைசாலிகள். பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். அடுத்த நவம்பருக்குள், பெயரை முதலில் பதிந்து கொண்டு பாரத்தைப் பிறகு ஏற்றும் ஒரே ஒரு மாற்றத்தையேனும் அவர்கள் செய்ய வேண்டும். அதைச் செய்தால், ஐந்தாவது நகல் ஏறாமல் போனதற்காக எந்த விவசாயியும் ஓர் ஆண்டு மகசூலுக்கான பாதுகாப்பை இழக்க நேராது.